ஆன்மீகம், அமானுஷ்யம் ரெண்டையும் நிதானமா தேடிப் பாக்குறது எப்படி

தியானத்துல வெளிச்சம் தெரிஞ்சுது, செத்துப்போனவங்க கனவுல வந்து பேசினாங்க, ராத்திரி யாரோ நெஞ்சு மேல ஏறி உக்காந்த மாதிரி இருந்துச்சு, இப்படி ஏதோ ஒண்ணு நடந்த பிறகுதான் நிறைய பேரு இந்தப் பக்கமே வராங்க. உடனே பதில் சொல்லவும் ஆள் ரெடியா இருப்பாங்க, ஒருத்தர் குண்டலினின்னுவாரு, ஒருத்தர் ஜின்னுன்னுவாரு, இன்னொருத்தர் எல்லாம் மூளையோட வேலைன்னு முடிச்சிடுவாரு. என்னைக் கேட்டா அந்தப் பதிலை எல்லாம் கொஞ்சம் தள்ளி வையுங்க. நடந்தது வேற, அதுக்கு நாம குடுக்குற விளக்கம் வேற. இதைப் பிரிக்கப் பழகிட்டீங்கன்னா எந்த மதத்து நூலையும் பயமில்லாம படிக்கலாம்.

பழகுறதுக்கு ஒரு நோட்டு போதும். இடது பக்கம் நடந்தது மட்டும், என்ன நேரம், எவ்ளோ தூங்கியிருந்தீங்க, விரதம் இருந்தீங்களா, என்ன மருந்து சாப்பிடுறீங்க, கண்ணு தொறந்திருந்துச்சா, உடம்புல எங்க என்ன தெரிஞ்சுது. வலது பக்கம் உங்களுக்குத் தோணுற அர்த்தம். "தெய்வம் வந்துச்சு"ன்னு இடது பக்கம் எழுதாதீங்க, "வெளிச்சம் தெரிஞ்சுது, உடம்பு சிலிர்த்துச்சு, அழுகை வந்துச்சு"ன்னு எழுதுங்க, தெய்வம் வலது பக்கத்துல வரட்டும். யாருகிட்டயும் சொல்றதுக்கு முன்னாடி எழுதிடணும், ஏன்னா ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமா மாறும்.

நாம அமுக்குவான் பேய்ன்னு சொல்றதையே எடுத்துக்குங்க. முழிப்பு வந்துடுது, கை கால் அசையல, ரூம்ல யாரோ இருக்காங்கன்னு நிச்சயமா தெரியுது, மூச்சு முட்டுது. கனவு காணுற தூக்கத்துல நம்ம தசைகளை மூளை கட்டிப்போட்டு வைக்கும், அந்தக் கட்டு அவுறதுக்கு முன்னாடியே முழிப்பு வந்துட்டா இப்படி ஆகும், தூக்கம் கெட்ட நாள்லயும் மல்லாக்கப் படுக்கும்போதும் அதிகமா வரும். ஜப்பான்ல இதுக்கு கனாஷிபாரின்னு பேரு, கனடாவுல நியூஃபவுண்ட்லாந்து பக்கம் ஒரு கிழவி வந்து உக்காருறான்னு சொல்வாங்க. டேவிட் ஹஃபோர்டுன்னு ஒரு நாட்டுப்புறவியல் ஆய்வாளர் 1982ல வந்த தன்னோட புத்தகத்துல ஒண்ணு காட்டினாரு, அந்தக் கிழவிக் கதையைக் கேள்வியே படாதவங்களுக்கும் இதே அனுபவம் வருது. அப்போ "கதை கேட்டு பயந்ததால வர்றது"ன்னு ஒதுக்குறதும் தப்பு, "கிழவி நிஜமா வந்தா"ன்னு முடிவு கட்டுறதும் அவசரம். இடது பக்கம் எல்லாருக்கும் கிட்டத்தட்ட ஒண்ணு, வலது பக்கம்தான் ஊருக்கு ஊர் மாறுது.

அடுத்தது, ஒரே ஒரு பயிற்சியைப் பிடிச்சுக்குங்க. நாலு மதத்துல இருந்து நாலு பயிற்சி எடுத்து கலக்காதீங்க, எதுல இருந்து என்ன வந்துச்சுன்னே தெரியாம போயிடும். படிக்கிறது மட்டும் பரவலா இருக்கட்டும். ஜபம், சூஃபிகளோட திக்ர், கிழக்கு மரபு கிறிஸ்தவத் துறவிகளோட இயேசு ஜெபம், ஜப்பான்ல அமிதாப புத்தர் பேரைச் சொல்ற நெம்புட்சு, எல்லாத்துலயும் ஒரு பேரைத் திரும்பத் திரும்பச் சொல்லி மனசை ஒரு இடத்துல நிறுத்துறாங்க. முறையில இவ்ளோ ஒற்றுமை இருக்கேன்னு "எல்லாம் ஒண்ணுதான்"னு தாவிடாதீங்க. அத்வைதத்துல ஆன்மாதான் பிரம்மம், பௌத்தத்துல நிலையான ஆன்மான்னு ஒண்ணே கிடையாது, கிறிஸ்தவத்துல கடவுளோட எவ்ளோ நெருங்கினாலும் படைச்சவர் படைச்சவர்தான், படைப்பு படைப்புதான். இந்த வித்தியாசத்தை அழிச்சிட்டு படிச்சா யாரு சொன்னதையும் நாம கேக்கவே இல்லன்னு அர்த்தம்.

ஆனா சித்திகள், அதாவது பயிற்சியால வர்றதா சொல்ற அபூர்வ சக்திகள் விஷயத்துல ஆச்சரியமான ஒற்றுமை இருக்கு. யோக சூத்திரம் எழுதின பதஞ்சலி ஒரு அதிகாரம் முழுக்க சக்திகளைப் பத்திப் பேசிட்டு, நடுவுல இதெல்லாம் சமாதிக்குத் தடைன்னு சொல்லிடுறாரு. பௌத்த பிக்கு மக்கள் முன்னாடி சித்து காட்டினா குற்றம், இல்லாத நிலையை அடைஞ்சதா வேணும்னே பொய் சொன்னா சங்கத்துல இருந்தே வெளிய. சிலுவையின் யோவான்னு ஒரு ஸ்பெயின் நாட்டு கிறிஸ்தவத் துறவி, ஜெபத்துல வர்ற காட்சிகளைப் பிடிச்சுக்காதீங்கன்னு எச்சரிக்கிறாரு, ஜென்ல தியானத்துல வர்ற உருவங்களுக்கு மக்யோன்னு பேர் வச்சு கண்டுக்காம உக்காருன்னு சொல்லுவாங்க. நம்ம தாயுமானவர் மதயானையை வசமாக்கலாம், சிங்கத்து முதுகுல ஏறலாம், தண்ணி மேல நடக்கலாம்னு அடுக்கிக்கிட்டே போய், சிந்தையை அடக்கி சும்மா இருக்குறதுதான் அரிதுன்னு முடிக்கிறாரு. ஒருத்தரை ஒருத்தர் பாத்திராத இத்தனை பேர் இதையே சொல்றாங்கன்னா அதை நான் ரொம்ப சீரியஸா எடுத்துக்குறேன். அதனால சக்தி வரவச்சுத் தரேன்னு காசு கேக்குற இடத்துல நிக்காதீங்க.

அமானுஷ்யத்தை ஆராயணும்னா முதல்ல வீட்டைப் பாருங்க. பேய் வீடுன்னு நம்பின ஒரு குடும்பத்தோட கதை 1921ல ஒரு அமெரிக்க கண் மருத்துவ இதழ்ல வந்துச்சு, காலடிச் சத்தம், உருவம், நெஞ்சு அழுத்தம் எல்லாம் இருந்துச்சு, காரணம் பழுதான உலையில இருந்து கசிஞ்ச கார்பன் மோனாக்சைடு. அப்புறம் கனவு பலிச்சுதான்னு பாக்க ஆசைன்னா பலிக்கிறதுக்கு முன்னாடியே தேதி போட்டு எழுதி வையுங்க, பலிக்காததையும் அழிக்காம வையுங்க.

மரண விளிம்பு அனுபவத்துல இந்த வேலையை டாக்டருங்களே செஞ்சிருக்காங்க. 2001ல லான்செட்ங்குற மருத்துவ இதழ்ல வந்த நெதர்லாந்து ஆய்வுல, இதயம் நின்னு திரும்பப் பிழைச்ச 344 பேர்ல 62 பேர் அந்த மாதிரி அனுபவம் சொன்னாங்க. உடம்பை விட்டு மேல போய் பாத்தேன்னு சிலர் சொல்றதைச் சோதிக்க, சாம் பார்னியாங்குற டாக்டரோட குழு 15 ஆஸ்பத்திரியில மேல இருந்து பாத்தா மட்டும் தெரியுற மாதிரி அலமாரியில படங்களை வச்சுது, 2060 இதயநிறுத்தங்களைப் பதிவு பண்ணிச்சு, 2014ல முடிவு வந்தப்ப ஒருத்தர் சொன்ன விவரங்கள் நடந்ததோட பொருந்திச்சு, ஆனா அது நடந்தது அலமாரி இல்லாத இடத்துல. இதை நிரூபணம்னும் சொல்ல முடியாது, பொய்யின்னும் சொல்ல முடியாது. அந்த இடத்துல அப்படியே இருக்கப் பழகுங்க, கஷ்டமாத்தான் இருக்கும்.

கடைசியா உடம்பு. தியானம் எல்லாருக்கும் எப்பவும் நல்லதுன்னு கிடையாது. பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017ல வெளியிட்ட ஆய்வுல மேற்கத்திய பௌத்த தியானிகள் பயம், தூக்கமின்மை, நான்ங்குற உணர்வே குலைஞ்சு போறது வரைக்கும் சொல்லியிருக்காங்க. ரெண்டு மூணு ராத்திரி தூக்கம் வராம, ஆனா களைப்பும் தெரியாம உற்சாகம் ஏறிக்கிட்டே போனா, ஏதோ குரல் இதைச் செய் அதைச் செய்னு கட்டளை போட்டா, பயிற்சியை அன்னிக்கே நிறுத்துங்க, ஒழுங்கா சாப்பிடுங்க, தனியா இருக்காதீங்க, மனநல மருத்துவரைப் பாருங்க. முன்னாடியே வலிப்பு, இருமுனைக் கோளாறு, மனச்சிதைவு இருக்கறவங்க நீண்ட மௌன முகாமுக்கும் வேகமான மூச்சுப் பயிற்சிக்கும் போறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட கேட்டுடணும். அவர்கிட்ட பயிற்சியை மறைக்காதீங்க, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் உக்காந்தீங்க, எத்தனை நாள் விரதம் இருந்தீங்க, நடுவுல மருந்தை நிறுத்தினீங்களா, இதெல்லாம் தெரிஞ்சாதான் அவரால சரியா வைத்தியம் பாக்க முடியும்.