கிணற்று நீருக்குக் கட்டணம்: ஊரளவில் கணக்கைத் தொடங்குவது எப்படி?

“என் மோட்டார் அவ்வளவு தண்ணீர் இறைக்கவே இல்லை” என்று ஒருவர் ரசீதை நீட்டினால், எதைக் காட்டிப் பதில் சொல்வீர்கள்? அந்தப் பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு கட்டணத்தைப் பேசுங்கள். உள்ளாட்சி, பாசனச் சங்கம், நீர்க்குழு என எந்த அமைப்பானாலும் வேலையின் வரிசை ஒன்றே. முதலில் ஒன்றைப் பார்த்துவிடுங்கள்: கட்டணம் வாங்க உங்கள் அமைப்புக்குச் சட்டம் அதிகாரம் தருகிறதா? தராவிட்டால் அது வெறும் நன்கொடைதான். கட்டாதவர்களை ஒன்றும் செய்ய முடியாது.

படி 1: பதிவேடு

ஒவ்வொரு கிணற்றுக்கும் ஓர் எண் கொடுங்கள். திறந்த கிணறா, போர்வெல்லா; ஆழம், கேசிங் (போர்வெல் சரியாமல் இறக்கும் பாதுகாப்புக் குழாய்) விட்டம், மோட்டாரின் குதிரைத்திறன், டெலிவரி குழாயின் விட்டம், மின் இணைப்பு எண், என்ன பயன்பாடு, ஜி.பி.எஸ். இடம் ஆகியவற்றை எழுதுங்கள். எண்ணைக் கேசிங்கிலேயே பெயின்ட்டால் எழுதிவிடுவது நல்லது. வற்றிய கிணறுகளையும் விடாதீர்கள். ஆழப்படுத்தினாலோ மோட்டாரைப் பெரிதாக்கினாலோ பதிவைத் திருத்த வேண்டும் என்ற விதியை முதல் நாளே சேருங்கள். 5 குதிரைத்திறன் என்று எழுதிய இடத்தில் 10 ஓடுவது இப்படித்தான் கண்ணுக்குத் தப்புகிறது.

படி 2: நீர்மட்டம்

மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை அளந்து பாருங்கள். மோட்டாரை முந்தைய இரவே நிறுத்த வேண்டும். பக்கத்துக் கிணற்று மோட்டாரும் ஓடக்கூடாது. கேசிங் விளிம்பில் ஒரு குறி போட்டு எப்போதும் அங்கிருந்தே நாடாவை இறக்குங்கள். நாடா 23.40 மீட்டர் காட்டி, கேசிங் தரைக்கு மேல் 0.45 மீட்டர் நின்றால், நீர்மட்டம் தரையிலிருந்து 22.95 மீட்டர்.

ஊறிய நீரைத் தோராயமாகக் கணக்கிட: மட்டம் உயர்ந்த அளவு × பரப்பு × நிலத்தின் நீர் தரும் திறன் (நனைந்த நிலத்தின் கன அளவில் எத்தனை பங்கு நீராக வடியும் என்பது). பாறைப் பகுதியில் இந்தத் திறன் 0.02 என்று வைத்தால், 2 சதுர கிலோமீட்டரில் மட்டம் 3 மீட்டர் உயர்ந்தது 1,20,000 கன மீட்டர். மணற்படுகையில் இதே உயர்வுக்குப் பல மடங்கு நீர் வரும். ஆகவே வேறோர் ஊரின் எண்ணை எடுத்துப் போடாதீர்கள். மேல்மட்ட நீருக்கு மட்டுமே இக்கணக்கு பொருந்தும். பாறை இடுக்குகளில் அழுத்தத்தோடு நிற்கும் ஆழ்நீருக்கு உதவாது.

படி 3: நீர் மீட்டர்

அதிகமாகத் தவறு நடக்கும் இடம் இதுதான். விசிறி சுழலும் வகை மீட்டருக்கு முன்னால் குழாய் விட்டத்தின் 10 மடங்கும், பின்னால் 5 மடங்கும் வளைவோ வால்வோ இல்லாத நேர்க்குழாய் விடுங்கள். 75 மி.மீ. குழாய்க்கு முன்னால் 75 செ.மீ., பின்னால் சுமார் 38 செ.மீ. உற்பத்தியாளர் வேறு அளவு சொன்னால் அதையே பின்பற்றுங்கள். வளைவை ஒட்டி மாட்டினால் நீர் சுழன்று வந்து அளவைக் கெடுக்கும்.

குழாய் முழுவதும் நிறைந்து ஓட வேண்டும். பாதி நிறைந்து ஓடும் குழாயில் மீட்டர் கூடுதலாகக் காட்டும். நீர் விழும் வாயை மீட்டரைவிட உயரமாக வைத்தால் இது தீரும். மோட்டார் போட்டவுடன் குழாயிலுள்ள காற்று பீறிட்டு வரும். அதையும் விசிறி தண்ணீராக எண்ணிவிடும். எனவே மீட்டருக்கு முன்னே ஒரு காற்றுப்போக்கி வேண்டும். நீர் திரும்பி ஓடாமல் செக் வால்வும், மணல் வரும் கிணற்றில் வடிகட்டியும் போடுங்கள். மீட்டருக்கு முன்னால் எந்தக் கிளைக்குழாயும் பிரியக்கூடாது. முடிந்ததும் சீல் வைத்துப் புகைப்படம் எடுங்கள்.

படிக்கும்போது முகப்பில் ‘×10’ இருக்கிறதா, சிவப்பு எண்கள் தசமமா என்று பாருங்கள். ஒரு பூஜ்யம் தவறினால் ரசீது பத்து மடங்காகும். ஐந்து இலக்க மீட்டர் 99870-இல் இருந்து 00120-க்கு வந்திருந்தால் ஓடியது 250.

மீட்டர் இல்லாத கிணறு

200 லிட்டர் டிரம் 40 நொடியில் நிறைந்தால் மணிக்கு 18 கன மீட்டர். அந்த ஒரு மணியில் மின் மீட்டர் 4.5 யூனிட் ஓடினால், யூனிட்டுக்கு 4 கன மீட்டர். இனி மின் ரசீதே நீர்க்கணக்கு. ஆனால் கோடையில் மட்டம் இறங்கினால் அதே யூனிட் குறைவான நீரையே தூக்கும். பருவந்தோறும் டிரம் சோதனையைத் திரும்பச் செய்யாவிட்டால் விவசாயிக்கு அநியாயம்.

படி 4: கட்டணம்

முதலில் விலக்குகளைக் கழியுங்கள். கலிபோர்னியாவின் 2014 சட்டம் ஆண்டுக்கு 2 ஏக்கர்-அடிக்குள் (சுமார் 2,467 கன மீட்டர்) எடுக்கும் வீட்டுக் கிணறுகளைத் தனி வகையாகப் பிரிக்கிறது. இந்திய மத்திய அரசின் 2020 வழிகாட்டுதல்கள் தனி வீடுகளின் பயன்பாட்டுக்கும் விவசாயத்துக்கும் விலக்கு தருகின்றன.

மீதம் 60 கிணறுகள், 90,000 கன மீட்டர், ஆண்டுச் செலவு 1,80,000 ரூபாய் என்று வைப்போம். செலவில் 40 சதவீதத்தைக் கிணற்றுக்கு இவ்வளவு என்று பிரித்தால் தலைக்கு 1,200. மிச்சம் 1,08,000-ஐ 90,000-ஆல் வகுத்தால் கன மீட்டருக்கு 1.20. ஆண்டில் 2,000 கன மீட்டர் இறைப்பவர் 1,200 + 2,400 = 3,600 கட்டுவார். முழுக் கட்டணத்தையும் அளவின் மேல் ஏற்றிவிட்டால், எல்லோரும் சிக்கனமாக இறைக்கும் ஆண்டில் மீட்டர் பழுதுபார்க்கவே பணம் இருக்காது. நிலையான பகுதி அதற்காகத்தான்.

படி 5: தகராறுகள்

மீட்டர் நின்றுபோனால் போன மாத அளவை எடுக்காதீர்கள். முந்தைய ஆண்டுகளின் அதே பருவத்துச் சராசரியை எடுங்கள். புகார் வந்தால் உரிமையாளர் முன்னிலையில் டிரம் சோதனை. எத்தனை சதவீத வேறுபாட்டை ஏற்பது என்பதைப் புகார் வருவதற்கு முன்பே எழுதி வையுங்கள். ஒவ்வொரு கிணற்றின் அளவையும் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டால், பக்கத்து வயல்காரரே பாதி சரிபார்ப்பைச் செய்துவிடுவார்.

இனி வேண்டாம் என்று விட்ட போர்வெல்லுக்கு நிலையான கட்டணத்தை நிறுத்தச் சொல்லி விண்ணப்பம் வரும். இந்திய உச்ச நீதிமன்றத்தின் 2010 உத்தரவுப்படி அதை அடியிலிருந்து தரைமட்டம்வரை களிமண், மணல், கற்கள் போன்றவற்றால் நிரப்ப வேண்டும். மேலே ஒரு சாக்கைக் கட்டி மூடியதைக் காட்டினால் பெயரை நீக்காதீர்கள்; நிரப்புவதை நேரில் பார்த்த பிறகே நீக்குங்கள்.