ஸ்பேம் வடிகட்டியும் பயனர் அனுமதிகளும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

லினக்ஸில் ஓடும் மின்னஞ்சல் சர்வரில் குப்பை அஞ்சலைத் தடுக்கும் ஸ்பேம் வடிகட்டி வேலை செய்யாமல் போனால், பெரும்பாலும் உடனே யாருக்கும் தெரிவதில்லை. அஞ்சல் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருக்கும். குப்பை அஞ்சல் கூடிவிட்டது என்று யாராவது சொன்ன பிறகு நிகழ்வுகள் பதிவாகும் லாக் கோப்பைத் திறந்தால், 'பெர்மிஷன் டினைட்', அதாவது அனுமதி மறுக்கப்பட்டது, என்ற வரி வாரக்கணக்கில் பதிவாகியிருக்கும். அனுமதிச் சிக்கல்களை நான் மிகுந்த கவலையோடு பார்ப்பதற்கு இந்த மௌனமே காரணம்.

சிக்கலின் வேர் எளிமையானது. ஒரு அஞ்சல் உள்ளே வரும்போது பல நிரல்கள் அதைக் கைமாற்றிக்கொள்கின்றன. ஒவ்வொன்றும் தனித்தனிப் பயனர் பெயரில் ஓடுகிறது. அஞ்சலை வாங்குவது போஸ்ட்ஃபிக்ஸ். இணைப்புகளைப் பிரித்து வைப்பது அமாவிஸ். வைரஸ் தேடுவது கிளாம்ஏவி. அஞ்சல் பெட்டிகள் பெரும்பாலும் விமெயில் என்ற பயனரிடம் இருக்கும். இப்படிப் பிரித்து வைத்ததற்குக் காரணம் உண்டு. முன்பின் அறியாதவர் அனுப்பிய கோப்பைப் பிரித்துப் பார்ப்பது ஆபத்தான வேலை. பிரிக்கும் நிரலில் ஓட்டை இருந்து அதன் வழியாக ஒருவர் நுழைந்துவிட்டாலும், அந்த ஒரு பயனருக்கு எட்டும் கோப்புகளோடு சேதம் நிற்கவேண்டும். ஆகவே அனுமதிப் பிழையைச் சரிசெய்கிறேன் என்று இந்தப் பிரிவினையையே கலைத்துவிடக் கூடாது.

ரூட்டாக இருந்து சோதிப்பது

முதல் தவறும் மிகப் பரவலான தவறும் இதுதான். நிர்வாகி ரூட்டாக, அதாவது எல்லா அதிகாரமும் உள்ள பயனராக நுழைகிறார், கிளாம்ஸ்கேன் கட்டளையை ஓட்டுகிறார், வைரஸ் சோதனை அழகாக நடக்கிறது. உடனே 'கிளாம்ஏவி நன்றாகத்தான் இருக்கிறது' என்று முடிவுகட்டி வேறு இடத்தில் தேடத் தொடங்கிவிடுகிறார்.

கிளாம்ஸ்கேன், கட்டளை கொடுத்தவரின் அடையாளத்தில் தானே கோப்பைத் திறந்து படிக்கும் தனி நிரல். அஞ்சல் வழியில் வேலை செய்வதோ பின்னணியில் ஓடும் கிளாம்டி. கோப்பின் பாதையை வாங்கிக்கொண்டு, கிளாம்ஏவி என்ற பயனராகவே அது திறக்க முயல்கிறது. ரூட்டுக்குக் கிடைத்த வெற்றி அதற்குக் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. எந்தப் பயனரில் சேவை ஓடுகிறதோ அந்தப் பயனராகவே, வேறொரு பயனராகக் கட்டளை ஓட்டவிடும் சூடோவின் துணையோடு, அதே கோப்பைத் திறந்து பார்க்கவேண்டும். எந்தப் பயனர் என்பதை அமைப்புக் கோப்பில் படித்து ஊகிப்பதைவிட, ஓடும் நிரல்களைப் பட்டியலிடும் பிஎஸ் கட்டளையில் நேரடியாகப் பார்ப்பது நல்லது.

திறக்க முடியவில்லை என்றால் அந்தக் கோப்பின் அனுமதியை மட்டும் பார்த்து நின்றுவிடுகிறோம். அறைச் சாவி கையில் இருந்தாலும் வாசற்கதவு பூட்டியிருந்தால் பயனில்லை. பாதையில் உள்ள ஒவ்வொரு அடைவிலும் (ஃபோல்டரிலும்) நுழையும் அனுமதி, அதாவது எக்ஸ் பிட், வேண்டும். நேம்ஐ கட்டளையை எல் விருப்பத்தோடு கொடுத்தால் பாதை முழுவதையும் ஒவ்வொரு படியாக, உரிமையாளர் பெயரோடு காட்டிவிடும். இவ்வளவு பயனுள்ள கட்டளையைப் பலர் பயன்படுத்துவதே இல்லை என்பது எனக்கு வருத்தம்.

குழுவில் சேர்த்துவிட்டு அப்படியே விடுவது

அமாவிஸும் கிளாம்டியும் சேரும் இடத்தில் வழக்கமாகச் சொல்லப்படும் தீர்வு, ஒருவரை மற்றவரின் குழுவில் சேர்ப்பது. திசைதான் குழப்பம். இணைப்புகளைப் பிரித்துத் தன் அடைவில் வைப்பது அமாவிஸ். அவற்றைப் படிக்கவேண்டியது கிளாம்டி. ஆகவே கிளாம்ஏவி பயனரைத்தான் அமாவிஸ் குழுவில் சேர்க்கவேண்டும். மாற்றிச் சேர்த்தால் இந்தச் சிக்கல் தீராது.

சேர்க்கும்போது யூசர்மோட் கட்டளையில் ஜி விருப்பத்தோடு ஏ விருப்பத்தையும் கொடுக்க மறப்பது இன்னொரு விபத்து. ஏ இல்லாவிட்டால் அந்தப் பயனர் ஏற்கெனவே இருந்த மற்றக் கூடுதல் குழுக்களிலிருந்து நீக்கப்படுவார். ஒன்றைச் சரிசெய்து இரண்டைக் கெடுத்ததாக ஆகிவிடும்.

இதைவிட நுட்பமானது ஒன்று உண்டு. ஒரு சேவை எந்தெந்தக் குழுக்களில் இருக்கிறது என்பது அது தொடங்கும்போது முடிவாகிறது. நீங்கள் குழுவில் சேர்த்த பிறகும், ஓடிக்கொண்டிருக்கும் கிளாம்டி பழைய குழுக்களோடுதான் ஓடும். ஆனால் சூடோ வழியாகச் சோதித்தால் புதிய குழுப் பட்டியல் எடுத்துக்கொள்ளப்படுவதால் சோதனை வெற்றி பெறும். கையால் செய்தால் நடக்கிறது, சேவை செய்தால் நடக்கவில்லை என்று பலரைக் குழப்புவது இதுவே. ஓடும் செயலிகளின் விவரங்களைக் காட்டும் ப்ராக் அடைவில் அந்தச் செயலியின் எண்ணுக்குக் கீழே ஸ்டேட்டஸ் என்ற கோப்பு இருக்கும். அதில் 'குரூப்ஸ்' வரியைப் பாருங்கள், உண்மை தெரிந்துவிடும். சேவையை முழுவதுமாக நிறுத்தித் தொடங்குவதே தீர்வு. அமைப்பை மறுபடி படிக்கச் சொல்லும் ரீலோட் போதாது.

கிளாம்டியை எட்ட முடியாதபோது அமாவிஸ் மாற்று ஏற்பாடாக கிளாம்ஸ்கேனை அழைக்கும்படி அமைக்கப்பட்டிருப்பது வழக்கம். அப்போது வைரஸ் அடையாளத் தரவு முழுவதும் ஒவ்வொரு அஞ்சலுக்கும் புதிதாக ஏற்றப்படுகிறது. வெளியே தெரிவது பிழை அல்ல, மந்தம். சர்வருக்கு நினைவகம் போதவில்லை என்று நினைத்துச் செலவு செய்வதற்கு முன் லாக்கில் ஒருமுறை தேடிப் பாருங்கள்.

777 கொடுப்பது

எரிச்சலில் எல்லாவற்றுக்கும் 777 அனுமதி, அதாவது யாரும் படிக்க, எழுத, இயக்க அனுமதி, கொடுப்பவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை; நள்ளிரவில் அஞ்சல் வரிசை தேங்கி நிற்கும்போது கை அங்கேதான் போகும். ஆனாலும் செய்யாதீர்கள். பாதுகாப்பு ஒரு காரணம் என்றால், அது பல இடங்களில் வேலைக்கே ஆகாது என்பது மற்றொன்று. வெளியே போகும் அஞ்சலில் டிகிம் என்ற கையொப்பம் இடும் ஓபன்டிகிம், தன் தனிச்சாவிக் கோப்பை மற்றவர்கள் படிக்க முடிகிறது என்று கண்டால், இயல்பான அமைப்பில் அந்தச் சாவியைப் பயன்படுத்தவே மறுக்கும். அமாவிஸும் தன் அமைப்புக் கோப்பை மற்றவர்கள் திருத்த முடியும் என்றால் தொடங்க மறுத்துவிடும். அனுமதியைக் கூட்டினால் கதவு திறக்கும் என்ற எண்ணமே இங்கே பொய்த்துவிடுகிறது.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. ஆர்ஸ்பேம்டி என்ற இன்னொரு வடிகட்டிக்கான டிகிம் சாவியை ரூட்டாக உருவாக்கினால் கோப்பு ரூட்டுக்கே சொந்தமாக நிற்கும். ஆர்ஸ்பேம்டி அதைப் படிக்க முடியாமல், கையொப்பமில்லாமலே அஞ்சலை வெளியே அனுப்பும். அனுப்புபவருக்கு எதுவும் தெரியாது. மறுமுனையில் அந்த அஞ்சல் குப்பைப் பெட்டிக்குப் போகக்கூடும்.

கற்றுக்கொடுப்பது யாருக்கு?

மதிப்பெண் கொடுத்து ஸ்பேமைக் கணிக்கும் ஸ்பேம்அசாசினில் பேயஸ் என்ற கற்றல் பகுதி இருக்கிறது. குப்பை அஞ்சல்களையும் நல்ல அஞ்சல்களையும் காட்டிப் பழக்கினால் அது துல்லியமாகும். நிர்வாகிகள் எஸ்ஏ-லேர்ன் கட்டளையை ரூட்டாக ஓட்டி ஆயிரக்கணக்கான அஞ்சல்களைக் கற்றுக்கொடுக்கிறார்கள். எல்லாம் ரூட்டின் வீட்டு அடைவில் போய்ச் சேர்கிறது. ஸ்பேம்அசாசினை ஓட்டி அஞ்சலை உண்மையில் சோதிப்பது அமாவிஸ் பயனர் என்றால், அதன் தரவுத்தளம் காலியாகவே இருக்கும். இங்கே பிழைச் செய்திகூட வராது. கற்றல் முடிந்ததாகச் சொல்லும், எதுவும் மாறாது.

எந்தப் பயனர் சோதிக்கிறாரோ அவராகவே கற்றுக்கொடுங்கள். அவருடைய வீட்டு அடைவுதான் பயன்படுகிறது என்பதையும் உறுதிசெய்யுங்கள். பிறகு அதே பயனராக எஸ்ஏ-லேர்னை 'டம்ப் மேஜிக்' விருப்பத்தோடு ஓட்டினால் கற்ற குப்பை அஞ்சல்கள் எத்தனை, நல்ல அஞ்சல்கள் எத்தனை என்று காட்டும். இரண்டிலும் குறைந்தது 200 சேராத வரை இயல்பான அமைப்பில் பேயஸ் மதிப்பெண் தராது. ரூட் ஒருமுறை அமாவிஸின் தரவுத்தளத்திலேயே எழுதிவிட்டிருந்தால், அந்தக் கோப்புகளின் உரிமை ரூட்டுக்கு மாறியிருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும்.

அமாவிஸ் இல்லாமல் ஸ்பேம்அசாசினின் பின்னணிச் சேவையான ஸ்பேம்டியை நேரடியாகப் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு சொல். பயனர் பெயர் சொல்லாமலோ ரூட் பெயரிலோ கோரிக்கை வந்தால், ஸ்பேம்டி பாதுகாப்புக்காக, அதிகாரம் குறைந்த 'நோபடி' பயனராக மாறிக்கொள்ளும். நோபடிக்கு எழுத இடமே இல்லாததால் தனிப்பட்ட விருப்பங்களும் பேயஸும் சேர்ந்தே போய்விடும். அஞ்சல் பெட்டிகளைப் பயனருக்குக் காட்டும் டவ்காட்டில் பயனர் அஞ்சலைக் குப்பைப் பெட்டிக்கு நகர்த்தும்போது ஓடும் கற்றல் ஸ்கிரிப்டும் இப்படியே: அது அஞ்சல் பெட்டியின் உரிமையாளராக, பெரும்பாலும் விமெயிலாக ஓடும் என்பதை நினைவில் வைத்து அனுமதி கொடுக்கவேண்டும்.

இருக்கும் சாக்கெட் தெரியாமல் போவது

டெபியன் வகை சர்வர்களில் போஸ்ட்ஃபிக்ஸின் பல பகுதிகள் அஞ்சல் வரிசை இருக்கும் ஸ்பூல் அடைவுக்குள் அடைபட்டு, அதாவது சிஎச்ரூட்டில், ஓடுகின்றன. அவற்றுக்கு அந்த அடைவே முழு உலகம். ரன் அடைவில் ஓபன்டிகிம் சாக்கெட், அதாவது மற்ற நிரல்கள் அதனோடு பேசும் வாயில், சரியான அனுமதியோடு இருந்தாலும், போஸ்ட்ஃபிக்ஸ் 'அப்படி ஒரு கோப்பே இல்லை' என்று சொல்லும். சாக்கெட்டை ஸ்பூலுக்குள் அமைத்து, போஸ்ட்ஃபிக்ஸ் பயனரை ஓபன்டிகிம் குழுவில் சேர்த்து, குழுவுக்கு எழுதும் அனுமதி கிடைக்கும்படி, புதிய கோப்புகளின் அனுமதியைக் கட்டுப்படுத்தும் யூமாஸ்க்கை வைக்கவேண்டும்.

ரன் அடைவு நினைவகத்தில் வாழ்வது. அங்கே கையால் மாற்றிய அனுமதி அடுத்த மறுதொடக்கத்தில் மறைந்துவிடும். நிலைக்கவேண்டும் என்றால் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் டெம்ப்ஃபைல்ஸ் அமைப்பிலோ சேவையின் யூனிட் கோப்பிலோ எழுதுங்கள்.

அனுமதி எல்லாம் சரி, பயனரும் சரி, இன்னும் மறுக்கிறது என்றால் எஸ்ஈலினக்ஸ் அல்லது ஆப்ஆர்மரைப் பாருங்கள். இவை வழக்கமான அனுமதிக்கு மேலே தனி விதிகளால் தடுப்பவை. மறுத்த விவரம் அஞ்சல் லாக்கில் இல்லாமல் ஆடிட் லாக்கிலோ கெர்னல் செய்திகளிலோ இருக்கும். அவற்றை மொத்தமாக அணைத்துவிடாமல், குறிப்பிட்ட விதியை மட்டும் திருத்துங்கள்.

ஒரு அவசரத் தீர்வு என்னைக் கலங்கவைக்கிறது. மில்டரை, அதாவது ஓபன்டிகிம் போல போஸ்ட்ஃபிக்ஸோடு இணையும் நிரலை, எட்ட முடியாவிட்டால் போஸ்ட்ஃபிக்ஸ் இயல்பாக அஞ்சலைத் தற்காலிகமாக மறுக்கும். அனுப்பும் சர்வர் பிறகு மீண்டும் முயலும். இதைத் தவிர்க்க அந்த அமைப்பை 'அக்செப்ட்' (ஏற்றுக்கொள்) என்று மாற்றிவிட்டு மறந்துபோகிறார்கள். அன்றிலிருந்து வடிகட்டி விழும்போதெல்லாம் எல்லா அஞ்சலும் சோதனையின்றி உள்ளே வரும்.

திருத்தம் முடிந்ததும் வெளி முகவரியிலிருந்து ஸ்பேம் என்றே எண்ணப்படும்படி வகுக்கப்பட்ட ஜிடியூப் சோதனை வரியை உடலில் வைத்து ஒரு அஞ்சல் அனுப்புங்கள். ஸ்பேம்அசாசின் அதற்கு 1000 மதிப்பெண் கொடுக்கவேண்டும். வைரஸ் பக்கத்துக்கு வைரஸாக எண்ணப்படும் தீங்கற்ற ஐகார் சோதனைக் கோப்பை இணைத்து அனுப்புங்கள். அடுத்து ஒரு சாதாரண அஞ்சலின் மதிப்பெண் விவரத்தில், ஹெடர் என்ற தலைப்பு வரிகளிலோ லாக்கிலோ, பேயஸ் என்று தொடங்கும் குறி இருக்கிறதா என்று பாருங்கள். சர்வரை ஒருமுறை மறுதொடக்கம் செய்துவிட்டு இந்த மூன்றையும் மறுபடி நடத்துங்கள்.