கனவின் பொருளை உங்களிடமே கேளுங்கள்

பல் விழுந்தால் இழப்பு, பாம்பு கடித்தால் பீடை விலகும் என்று கனவுப் பலன் பார்ப்பதைவிட, கண்டவரே தம்மைக் கேட்டுப் பொருள் காண்பது மிகுந்த பயன் தரும். கனவுகள் மிகுதியாக வரும், கண்விழிகள் வேகமாக அசையும் உறக்கநிலை விடியலை நெருங்க நெருங்க நீள்வதால், அந்நேரக் கனவுகளே அதிகம் நினைவில் நிற்கின்றன. ஆயினும் அவை விரைவில் மறந்துவிடும் என்பதால், விழித்ததும் கைபேசியைத் தொடாமல், நினைவில் உள்ளதைத் தலைமாட்டில் வைத்த நோட்டில் எழுதிவிடுங்கள். பிறகு, நிகழ்ச்சியைவிட அதில் எழுந்த உணர்ச்சியைப் பற்றியே முதலில் கேளுங்கள். படித்து முடித்துப் பல ஆண்டுகளுக்குப் பின்னும் தேர்வறைக்குத் தாமதமாக ஓடுவதாகக் கனவு வந்தால், "இதே பதற்றம் இந்த வாரம் எப்போது வந்தது? யார் என்னை மதிப்பிடப் போகிறார்கள்?" என்று கேட்கும்போது, அலுவலகத்தில் தள்ளிப்போட்ட ஒரு வேலை நினைவுக்கு வரக்கூடும். விடை தோன்றாவிட்டால் வலிந்து பொருள் கற்பிக்க வேண்டாம். கெட்ட கனவுகள் அடிக்கடி உறக்கத்தைக் கெடுத்தால் மருத்துவரை அணுகுங்கள்.