சென்னையிலிருந்து மெல்பர்னுக்குச் சாமான் வருகிறதா? ஈரத்தைச் சேர்த்துக் கட்டாதீர்கள்

நீங்கள் மெல்பர்ன் வந்து இறங்கிவிட்டீர்கள். வீட்டுச் சாமான் இன்னும் சென்னையில்தான் இருக்கிறது என்றால், பேக்கர்ஸ் ஆட்கள் வருவதற்கு முன் ஊருக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள். பூஞ்சை பிடித்த பெட்டியைப் பார்த்ததும் கடல் தண்ணீர் புகுந்துவிட்டது என்போம். கண்டெய்னரில் ஓட்டை இருந்தால் அதுவும் நடக்கும். ஆனால் பெரும்பாலும் அந்த ஈரம் நம் வீட்டிலிருந்தே ஏறியதுதான்.

20 அடி கண்டெய்னருக்குள் சுமார் 33 கன மீட்டர் இடம். 30 டிகிரியில், 80 சதவீத ஈரப்பதத்தில் கதவைச் சாத்தினால் உள்ளே இருக்கும் காற்றில் ஒரு லிட்டர் தண்ணீர்கூடத் தேறாது. 15 சதவீத ஈரம் உள்ள 100 கிலோ மரக்கட்டிலுக்குள்ளோ 10 லிட்டருக்கு மேல் இருக்கிறது. அட்டைப்பெட்டி, புத்தகம், மெத்தை எல்லாம் இதே கதைதான். பகல் சூட்டில் அந்த ஈரம் காற்றில் கலக்கும். கப்பல் தெற்கே குளிருக்குள் போகப்போக இரும்புக் கூரை வியர்த்துச் சொட்டும். மேலே சொன்ன காற்றுக்குக் கூரை 26 டிகிரிக்குக் கீழே இறங்கினாலே போதும். ஜூலையில் மெல்பர்ன் இரவு 10 டிகிரிக்கும் கீழே போகும்.

அதனால் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கட்ட வேண்டாம். மாசிக்குத் தள்ள முடிந்தால் தள்ளுங்கள். வாஷிங் மெஷின் குழாயில் தேங்கிய தண்ணீரை வடித்துவிட்டு, கதவைத் திறந்துபோட்டுக் காயவிட வேண்டும். கிரைண்டரைக் கழற்றிக் குழவியின் நடுத்துளைவரை துடைக்கச் சொல்லுங்கள். மாவு ஒட்டியிருந்தால் பூஞ்சை ஒரு பக்கம், இங்கே உயிர்ப்பாதுகாப்புச் சோதனையில் (பூச்சி, நோய் நாட்டுக்குள் வராமல் தடுக்கும் சோதனை) கேள்வி இன்னொரு பக்கம். காயாத மரத்தைப் பிளாஸ்டிக்கில் இறுக்கிச் சுற்றுவதைவிடச் சும்மா அனுப்புவதே மேல். பட்டுப்புடவைக்குப் பழைய பருத்தி வேட்டி போதும். மிருதங்கத்தை மட்டும் கப்பலில் போடாதீர்கள், கையோடு விமானத்தில் கொண்டுவாருங்கள்.

செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் கண்டெய்னருக்கு யானைப் பசிக்குச் சோளப்பொரி. தொங்கவிடும் கால்சியம் குளோரைடு பைகளைக் கேளுங்கள், அதிலும் உறிஞ்சிய ஈரம் கூழாகிவிடும் வகையாக. உப்புத் தண்ணீராகத் தேங்கும் வகை ஒழுகினால் கீழே இருப்பதெல்லாம் துருதான். பேக்கிங் மரப்பலகையில் வெப்பப் பதன முத்திரை (சூடேற்றிய மரம் என்ற முத்திரை) இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள்; அது பூச்சிக்கான முத்திரை, காய்ந்த மரம் என்பதற்கான சான்று இல்லை.

தனிக் கண்டெய்னர் எடுத்திருந்தால், ஏற்றும் முன் ஒருவர் உள்ளே நிற்க, வெளியிலிருந்து கதவைச் சாத்துங்கள். ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தாலும் வேறு கண்டெய்னர் கேளுங்கள். பங்குக் கண்டெய்னர் என்றால் அடுத்தவர் சாமானின் ஈரமும் நமக்குத்தான். அதையும் மனதில் வைத்துச் சாமானைக் கட்ட வேண்டும். இரண்டிலும் புத்தகமும் துணியும் மேலடுக்கில் வேண்டாம், சொட்டுவது முதலில் அங்கேதான்.

இங்கே வந்து சேர்ந்ததும், கையெழுத்துப் போடும் முன் நனைந்த பெட்டிகளைப் படம் எடுத்து, ரசீதிலேயே எழுதிவிடுங்கள். பல காப்பீடுகளில் பூஞ்சைக்கு இழப்பீடு கிடையாது. காப்பீட்டுக்குப் பணம் கட்டும் முன்னரே, பூஞ்சைக்கு இழப்பீடு உண்டா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அப்புறம், வார இறுதியில் பிரித்துக்கொள்ளலாம் என்று பெட்டிகளைக் குளிர்ந்த கராஜில் அடுக்காதீர்கள், அன்றே பிரியுங்கள். மரத்தில் பிடித்த பூஞ்சையை முகக்கவசம் போட்டு வெளியில் வைத்துத் துடைத்துவிடலாம். மெத்தையில் ஏறிவிட்டால் யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள்.