அம்மா பாதியில் விட்ட லேஸ்

அம்மா போன பிறகு மூன்று மாதம் அம்மா குண்டூசி குத்தி லேஸ் பின்னும் அந்தத் தலையணையை நான் தொடவே இல்லை. பாதி பின்னிய பூ, குண்டூசிகளோடு அப்படியே இருந்தது. 1820 வாக்கில் மிஷனரி மார்த்தா மால்ட் அம்மையார் நாகர்கோவிலில் சொல்லிக்கொடுத்த லேஸ் வேலை, கைமாறிக் கைமாறி எங்கள் வீடுவரை வந்திருந்தது. எனக்கோ அழுகையும் வரவில்லை, தூக்கமும் இல்லை.

ஒருநாள் ராத்திரி உட்கார்ந்தேன். அம்மாவின் வெள்ளை நூலில் தொடர மனசு வரவில்லை, கருநீல நூல் எடுத்தேன். முதலில் முடிச்சுப் போட்டு இணைத்தேன். புடைத்துக்கொண்டு அசிங்கமாக இருந்தது. பிரித்தேன். அப்புறம் சின்ன வயதில் பார்த்தது ஞாபகம் வந்தது: பழைய நூலை வெட்டாமல், புதுநூலை அதனோடு சேர்த்து நாலைந்து பின்னல் இரட்டையாக ஓட்ட வேண்டும். பிறகுதான் பழையதை வெட்டலாம்.

நூல் சுற்றிய சின்னக் கட்டைகளான பாபின்களை இரண்டிரண்டு ஜோடியாக எடுத்துக் குறுக்கே மாற்றி, முறுக்கி, குண்டூசி குத்தி இழுத்தேன். இழுவை சீராக வர இரண்டு வாரம் ஆயிற்று. அம்மா விரல் என்ன அளவாக இழுத்திருக்கிறது!

வெள்ளையும் நீலமும் இரட்டையாக ஓடும் அந்த அரை அங்குலத்தைப் பின்னும்போதுதான் அழுதேன். ஊசிகளை உருவி, கறுப்புத் துணியில் தைத்துச் சட்டமிட்டிருக்கிறேன். அம்மாவின் ஊசி ஒன்றை மட்டும் உருவவில்லை.