தரையையும் சுவரையும் விளையாட்டுத் திடலாக்குவது எப்படி: புரொஜெக்டரைக் கடைசியில் வாங்குங்கள்

தரையில் மீன்கள் நீந்துகின்றன, குழந்தை காலை வைத்ததும் சிதறி ஓடுகின்றன. சுவரில் பலூன்கள் ஏறிப் போகின்றன, பந்தை எறிந்தால் வெடிக்கின்றன. இதை எங்காவது பார்த்துவிட்டு நாமும் ஒன்று அமைக்கலாமே என்று இறங்குகிறவர்கள் பெரும்பாலும் முதலில் புரொஜெக்டரைத்தான் தேடுகிறார்கள். தயவுசெய்து அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். புரொஜெக்டரின் வேலை படம் காட்டுவதோடு முடிந்துவிடும். கால் எங்கே இருக்கிறது, பந்து எங்கே பட்டது என்று கண்டுபிடிக்கிற சென்சார்தான் அதை விளையாட்டாக்குகிறது. முதலில் அறை, அடுத்து சென்சார், அப்புறம் மென்பொருள், அதற்குப் பிறகு புரொஜெக்டர் என்று போனால் வாங்கிய எதையும் மாற்ற வேண்டி வராது.

இந்த யோசனை ஒன்றும் புதிதல்ல. 1970களிலேயே அமெரிக்காவில் மைரன் க்ரூகர் ‘வீடியோபிளேஸ்’ என்ற அமைப்பில், எதிரே நிற்பவரின் நிழலுருவத்தைக் கேமராவில் பிடித்து, திரையில் உள்ள உருவங்களோடு விளையாட விட்டார். 2010இல் மைக்ரோசாஃப்டின் கினெக்ட் வந்ததும் தூரத்தை அளக்கும் கேமரா சாதாரண ஆட்களின் கைக்கு எட்டியது. அதிலிருந்துதான் இதை வீட்டிலும் பள்ளியிலும் சொந்தமாகச் செய்து பார்ப்பது பரவலானது.

சரி, அறை. கூரை எவ்வளவு உயரம், பகலில் எவ்வளவு வெளிச்சம் வருகிறது, தரை எப்படிப்பட்டது, இந்த மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பளபளக்கும் டைல்ஸ் கண்ணாடி மாதிரி ஒளியைத் திருப்பி அனுப்பும், படம் மங்கும், எதிரே நிற்பவர் கண்ணும் கூசும். மினுமினுப்பு இல்லாத வெள்ளை அல்லது வெளிர் சாம்பல் வினைல் விரிப்பு போட்டால் போதும், ஆனால் ஓரங்களை நன்றாக ஒட்டிவிட வேண்டும், இல்லையென்றால் ஓடுகிற குழந்தை தடுக்கி விழும். சாக்ஸ் போட்டுக்கொண்டு விளையாட விடாதீர்கள், வெறுங்கால்தான் வழுக்காது.

இனி சென்சார். இங்கே அவசரப்படாமல் கொஞ்ச நேரம் செலவழிக்கலாம். சாதாரண வெப்கேமராவை மேலே மாட்டி, காட்சியில் எது மாறுகிறது என்று பார்த்து ஆளைக் கண்டுபிடிக்கலாம் என்றுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். ஆனால் தரையில் நீந்துகிற மீனும் கேமராவுக்கு ஓர் அசைவுதான்! மீனை ஆள் என்று நினைத்து அது மீனையே விரட்டும். இதைத் தவிர்க்க மூன்று வழிகள் இருக்கின்றன.

முதல் வழி அகச்சிவப்பு ஒளி. புரொஜெக்டரின் படத்தில் அகச்சிவப்பு கிட்டத்தட்ட இருக்காது. எனவே 850 நானோமீட்டர் அகச்சிவப்பு விளக்கைத் தரைமீது பாய்ச்சி, கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுக்கும் ஃபில்டரைக் கேமரா முன் வைத்தால், மீன்கள் அதன் பார்வையிலிருந்து மறைந்து ஆட்கள் மட்டும் தெரிவார்கள். ராஸ்பெர்ரி பை கணினிக்கான நோ-ஐஆர் கேமராவில் அகச்சிவப்பைத் தடுக்கும் ஃபில்டரே கிடையாது, அதனால் எதையும் பிரித்தெடுக்க வேண்டியதில்லை. வெயிலிலும் ஹாலஜன் விளக்கிலும் அகச்சிவப்பு ஏராளமாக இருப்பதால் ஜன்னலை நன்றாக மூட வேண்டும், எல்இடி விளக்குகள் மட்டும் எரியலாம். கேமராவின் தானியங்கி வெளிச்சச் சரிசெய்தலை நிறுத்திவிடுங்கள். அது ஓடிக்கொண்டிருந்தால், ஒருவர் உள்ளே நுழைந்ததும் முழுக் காட்சியும் பிரகாசம் மாறி, தரை முழுக்க ஆள் நிற்பதாக மென்பொருள் நினைத்துக்கொள்ளும்.

இரண்டாவது, ஆழத்தை அளக்கும் கேமரா. பழைய கினெக்ட், ரியல்சென்ஸ், ஆர்பெக் போன்றவை இந்த வகை. கினெக்ட் இப்போது தயாரிப்பில் இல்லை, பழையது கிடைத்தால் அதைக் கணினியில் இணைக்கும் பவர் அடாப்டரும் சேர்ந்து வருகிறதா என்று பாருங்கள். தரைக்கு என்னுடைய சிபாரிசு இந்த வகைதான், அதற்குக் காரணம் இருக்கிறது. கேமரா 2.8 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வையுங்கள். அதற்கு நேர் கீழே உள்ள புள்ளியிலிருந்து 1 மீட்டர் தள்ளி 1.2 மீட்டர் உயரக் குழந்தை நிற்கிறது. மேலிருந்து பார்க்கும் கேமராவுக்கு அந்தக் குழந்தையின் தலை, தரையில் 1.75 மீட்டர் தள்ளி இருப்பதாகத் தெரியும். 75 சென்டிமீட்டர் பிசகு! குழந்தை மீனை மிதிக்கும், வேறு எங்கோ இருக்கும் மீன் ஓடும். ஆழக் கேமராவில், காலியான தரையை ஒருமுறை அளந்து வைத்துக்கொண்டு, தரையிலிருந்து 5 முதல் 25 சென்டிமீட்டர் உயரத்துக்குள் இருப்பதை மட்டும் கணக்கில் எடுக்கச் சொல்லலாம். அப்போது பாதமும் கணுக்காலும் மட்டும் மிஞ்சும். அகச்சிவப்புக் கேமராதான் இருக்கிறது என்றாலும் வழி உண்டு. ஒவ்வொரு நிழலுருவத்திலும் கேமராவுக்கு நேர் கீழான புள்ளிக்கு மிக அருகில் இருக்கும் முனையைப் பாதம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். உடம்பு எப்போதும் வெளிப்பக்கமாகச் சாய்ந்துதான் தெரியும் என்பதால் இது பெரும்பாலும் சரியாக வரும்.

மூன்றாவது லைடார், அதாவது லேசர் கதிரைச் சுழற்றித் தூரத்தை அளக்கும் கருவி, இது சுவருக்கு. சுவரின் மேல் விளிம்பில் பொருத்தினால் சுவரை ஒட்டியபடி ஒரு லேசர் திரையை விரிக்கும், கை அதைத் தொட்டதும் இடம் தெரிந்துவிடும். கையால் தொடும் விளையாட்டுக்கு அருமை. பந்து எறியும் விளையாட்டுக்கு அவ்வளவு சுலபமில்லை. 20 சென்டிமீட்டர் பந்து, வினாடிக்கு 6 மீட்டர் வேகம், லேசர் திரை சுவரிலிருந்து 5 சென்டிமீட்டர் முன்னால் என்று வைத்தால், பந்து சுவரில் பட்டுத் திரும்புவதையும் சேர்த்து அந்தத் திரையில் இருப்பது சுமார் 20 மில்லி வினாடிதான். மலிவான லைடார் வினாடிக்கு 10 சுற்றுதான் சுற்றுகிறது என்றால் பெரும்பாலான எறிகளை அது பார்க்கவே பார்க்காது. பந்துக்கு இதைவிடப் பல மடங்கு வேகமாகச் சுற்றுகிற லைடார் வேண்டும், அல்லது வினாடிக்கு 60 ஃபிரேமுக்கு மேல் தரும் ஆழக் கேமரா வேண்டும்.

மென்பொருளில் அதிகம் தயங்க வேண்டாம். விளையாட்டு யோசனையைச் சோதிக்க மட்டும் என்றால் குழந்தைகளுக்கான நிரல்மொழியான ஸ்கிராட்சில் வீடியோ சென்சிங் என்ற இணைப்பு இருக்கிறது. லேப்டாப் கேமரா முன் கையை ஆட்டினால் திரையில் உள்ள உருவம் அதற்கு ஏற்ப நகரும். செலவே இல்லை, குழந்தைகளே செய்யலாம். நிஜமான அமைப்புக்கு, படங்களை அலசும் இலவச நிரல் தொகுப்பான ஓப்பன்சிவி கொண்டு கேமராக் காட்சியை அலசி, யூனிட்டி, கோடோ, பிராசஸிங் இவற்றில் ஒன்றில் விளையாட்டை எழுதலாம். டச்டிசைனரும் நல்ல தேர்வு, அதன் இலவசப் பதிப்பு 1280க்கு 1280 பிக்சலோடு நின்றுவிடும், தரைக்கு அதுவே தாராளம். சென்சார் நிரலும் விளையாட்டு நிரலும் தனித்தனியாக இருந்து, நடுவில் தொட்ட இடங்களைத் தெரிவிப்பதற்கான டியூஐஓ நெறிமுறையில் பேசிக்கொண்டால், நாளைக்கு சென்சாரை மாற்றினாலும் விளையாட்டைத் தொட வேண்டியதில்லை.

அப்புறம் கால்பிரேஷன். கேமரா பார்க்கும் இடத்தையும் படம் விழும் இடத்தையும் நான்கு மூலைப் புள்ளிகளால் பொருத்த வேண்டும், கணக்கை ஓப்பன்சிவியின் ஹோமோகிராஃபி பார்த்துக்கொள்ளும். படத்தில் நான்கு புள்ளிகளைக் காட்டிக் கேமராவையே அடையாளம் காணச் சொன்னால் அகச்சிவப்பு அமைப்பில் வேலைக்கு ஆகாது, ஏனென்றால் அந்தக் கேமராவுக்குப் படமே தெரியாது. ஒவ்வொரு புள்ளியிலும் ஒருவர் காலை வைத்து நிற்க, நீங்கள் கணினியில் குறித்துக்கொள்வதுதான் வழி.

அடுத்தது தாமதம். கேமரா வினாடிக்கு 30 ஃபிரேம் என்றால் அதிலேயே 33 மில்லி வினாடி போய்விடும், அலசலுக்குக் கொஞ்சம், புரொஜெக்டரில் மேலும் கொஞ்சம் என்று சேர்ந்தால் மொத்தம் 100ஐத் தொடுவது சகஜம். வினாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் ஓடுகிற குழந்தை அதற்குள் 30 சென்டிமீட்டர் போய்விடுகிறது. எனவே மிதிக்க வேண்டிய உருவம் எதுவும் 40 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். புரொஜெக்டரில் கேம் மோடை இயக்குங்கள், கோணலாக விழும் படத்தை நேராக்கும் கீஸ்டோன் திருத்தத்தைத் தவிருங்கள், சில கருவிகளில் அதனால் தாமதம் கூடும்.

இப்போதுதான் புரொஜெக்டர். த்ரோ ரேஷியோ என்பது தூரத்தைப் படத்தின் அகலத்தால் வகுத்தால் வருவது. லென்ஸ் தரையிலிருந்து 2.8 மீட்டரில் இருந்து, ரேஷியோ 1.5 என்றால், படம் 1.9 மீட்டர் அகலம்கூட வராது. இரண்டு பேர் நின்றால் இடம் முடிந்தது. 3 மீட்டர் அகலத்துக்கு 0.9 அளவில் ஷார்ட் த்ரோ, அதாவது கிட்டத்திலிருந்தே பெரிய படம் காட்டும் வகை வேண்டும். சுவருக்கு 0.4க்கும் குறைவான அல்ட்ரா ஷார்ட் த்ரோ நல்லது, நிழல் மிகக் குறைவு. 3 மீட்டர் அகலப் படத்துக்கு 1280க்கு 800 பிக்சலே போதும், ஒரு பிக்சல் 2.3 மில்லிமீட்டர்தான். அதனால் 4கே எல்லாம் வேண்டாம், அந்தப் பணத்தை வெளிச்சத்தில் போடுங்கள். அதே 3 மீட்டர் அகலப் படத்தின் பரப்பு ஏறக்குறைய 5.6 சதுர மீட்டர். அதில் புரொஜெக்டரின் 3000 ஆன்சி லூமென்ஸ் ஒளி பரவினால் சதுர மீட்டருக்கு சுமார் 530 லூமென்ஸ், அதாவது 530 லக்ஸ் கிடைக்கும். அறை விளக்கே 400 லக்ஸ் தந்தால் வெள்ளைக்கும் கறுப்புக்கும் வித்தியாசம் இரண்டு மடங்குக்குச் சற்று மேல்தான். அறையை 50 லக்ஸுக்கு மங்கலாக்கினால் அது பத்து மடங்கைத் தாண்டும். விளக்கை மங்கலாக்குவது புதுப் புரொஜெக்டரைவிடப் பெரிய மாற்றம் தரும்.

எல்லாப் புரொஜெக்டரையும் கீழ்நோக்கித் தொங்கவிட முடியாது, சிலவற்றில் சூடு வெளியேறாமல் விளக்கு கெட்டுவிடும். வழிகாட்டிக் குறிப்பில் கீழ்நோக்கிய பொருத்தம் அனுமதிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். லேசர் வகையில் பெரும்பாலும் அனுமதி உண்டு, ஆயுளும் 20,000 மணி நேரம் என்று குறிப்பிடுவார்கள். அனுமதி இல்லாததைக் கிடையாக வைத்து, எதிரே 45 டிகிரியில் கண்ணாடியை நிறுத்தலாம், முன்பரப்பில் பூச்சுள்ள கண்ணாடியாக இருக்க வேண்டும், சாதாரணக் கண்ணாடியில் படம் இரட்டையாக விழும். படத்தை இடவலமாகத் திருப்புவதற்கான அமைப்பு மெனுவிலேயே இருக்கும்.

பொருத்தும்போது ஃபால்ஸ் சீலிங்கை நம்பாதீர்கள். கான்கிரீட்டில் ஆங்கர் போல்ட் போட்டு, அதற்கு மேல் தனியாக ஒரு பாதுகாப்புக் கம்பியும் கட்டுங்கள். கீழே குழந்தைகள் குதிக்கப் போகிறார்கள். வினாடிக்கு 3 முறைக்கு மேல் பளிச்சிடும் காட்சியை எந்த விளையாட்டிலும் வைக்காதீர்கள், ஒளியால் வலிப்பு வரும் குழந்தை உங்கள் தரையில் நிற்கலாம்.

விளையாட்டை வடிவமைக்கும்போது ஒரே இலக்கை வைத்தால் எல்லோரும் அதை நோக்கிப் பாய்ந்து முட்டிக்கொள்வார்கள். ஐந்தாறு இலக்குகளைச் சிதறலாக வையுங்கள், சுவரிலிருந்து அரை மீட்டருக்குள் எதையும் வைக்காதீர்கள். சக்கர நாற்காலியில் வரும் குழந்தைக்கு இந்தத் தரை உண்மையாகவே சமமான ஆடுகளம், ஏனென்றால் சென்சாருக்குச் சக்கரமும் காலும் ஒன்றுதான். ஆனால் குதித்தால்தான் புள்ளி என்று விதி வைத்தால் அந்தச் சமத்துவம் போய்விடும். கடந்து போனாலே போதும் என்று எழுதுங்கள். மெதுவாக நகரும் ஒரு பதிப்பும் இருக்கட்டும். மறதி நோய் உள்ள முதியவர்களுக்காக நெதர்லாந்தில் உருவான டோவர்டாஃபல், இதே நுட்பத்தை மேசைமேல் இறக்கி, கையை மெல்ல அசைத்தாலே போதுமான விளையாட்டுகளைத் தருகிறது.

அமைப்பு ஓட ஆரம்பித்ததும், தரையில் விழும் படத்தின் நான்கு மூலைகளிலும் சிறிய டேப் ஒட்டிக் குறி வைத்துவிடுங்கள். யாராவது புரொஜெக்டரைத் தாங்கும் கம்பத்தை இடித்தாலோ மேல்மாடியில் கனமாக எதையாவது நகர்த்தினாலோ படம் அந்தக் குறியிலிருந்து விலகியிருக்கும், அன்றைக்குக் கால்பிரேஷனை மறுபடி செய்துவிட்டுத்தான் குழந்தைகளை உள்ளே விட வேண்டும். புரொஜெக்டரின் காற்று ஃபில்டரையும் கேமரா லென்ஸையும் அவ்வப்போது துடையுங்கள், குதிக்கிற தரையில் தூசு நிறைய கிளம்பும்.