ஒழுகும் கொமட்டைத் திருத்துவதும் இரட்டைப் பொத்தானுக்கு மாறுவதும்

கொழும்பு வெள்ளவத்தையில் நாங்கள் வசிக்கும் தொடர்மாடியின் மேல்தளத்தில் ஒரு கொமட் ஓசையின்றி ஒழுகிக்கொண்டிருந்ததை, தண்ணீர்க் கட்டணப் பட்டியலில் அலகுகள் ஏறிய பின்னரே கவனித்தேன். பைப் பாஸ் (குழாய் வேலை செய்பவர்) ஒரு கிழமை தவணை சொன்னதால் நானே வேலையில் இறங்கினேன்.

முதலில் ஒழுக்கின் இடத்தைக் கண்டறிய வேண்டும். கேசரிக்கு இடும் நிறச்சாயத்தில் பத்துத் துளியைத் தொட்டியில் விட்டு, இருபது நிமிடம் எவரும் ஃப்ளஷ் செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கிண்ணத்து நீர் நிறம் மாறினால் அடியிலுள்ள றப்பர் பழுதாகிவிட்டது. மேலே நிற்கும் குழாயின் வாயில் நீர் வழிந்தால் குற்றம் தொட்டிக்குள் நீரை விடும் மிதவை வால்வினுடையது. அடுத்து, தொட்டிக்கு வரும் நீரை நிறுத்தும் ஆங்கிள் வால்வை மூடி நீர்மட்டத்தைப் பென்சிலால் குறித்தேன். பத்து நிமிடத்தில் 2 சென்ரிமீற்றர் இறங்கியது. 40 சென்ரிமீற்றர் நீளமும் 15 சென்ரிமீற்றர் அகலமும் உள்ள என் தொட்டியில் அது 1.2 லீற்றர், நாளொன்றுக்கு ஏறத்தாழ 170 லீற்றர், மாதத்துக்கு 5 அலகுகள் (ஓர் அலகு 1000 லீற்றர்).

றப்பரை மாற்றுவது எளிது. பழையதைக் கையில் எடுத்துக்கொண்டு வன்பொருட் கடைகள் உள்ள பழைய சோனகத் தெருவுக்குப் போனால் அதே அளவில் கிடைக்கும். நான் மிதவை வால்வையும் சேர்த்து மாற்றினேன். வோஷர் உள்ள பிளாஸ்டிக் நட்டுக்குத் திரெட் டேப் சுற்றுவதை நான் விரும்புவதில்லை; நீரைத் தடுப்பது வோஷரே. கையால் இறுக்கி, அதற்குமேல் கால் சுற்று போதும். ஸ்பானரால் பலம் காட்டினால் பீங்கான் வெடிக்கும்.

நான் தடுமாறிய இடம் இதற்குப் பின்னர்தான் வந்தது. புதிய வால்வைப் பொருத்தியதும் ஒழுக்கு நின்றது. ஆனால் தொட்டி நிரம்ப அரை மணித்தியாலம் எடுத்தது. குழாயைக் கழற்றினேன், ஆங்கிள் வால்வைச் சந்தேகித்தேன், கடைக்காரரையும் மனத்துக்குள் திட்டினேன். உண்மைக் காரணம் எங்கள் தண்ணீர்த் தாங்கி வால்வுக்கு மேலே ஏறத்தாழ 2 மீற்றர் உயரத்தில் மட்டுமே இருப்பதுதான். ஒவ்வொரு மீற்றர் உயரமும் 0.1 பார் அழுத்தத்தையே தரும். பிரதான குழாயின் அழுத்தத்துக்கெனச் செய்த வால்வுகள் சிலவற்றில், நீர் நுழையும் வாயில், நடுவே ஊசித்துளை கொண்ட சிறிய பிளாஸ்டிக் துண்டொன்று செருகப்பட்டிருக்கும். வாயிலுள்ள வலையை இழுத்தபோது, பேனா மூடியின் நுனியளவான வெள்ளைத் துண்டு அதன் பின்னால் இருந்தது. அதை அகற்றி, வலையை மட்டும் திரும்பச் செருகியதும் தொட்டி நான்கு நிமிடத்தில் நிரம்பியது. ஆகவே வாங்கும்போதே, தாங்கித் தண்ணீருக்கு ஏற்ற வால்வா என்று கேளுங்கள்.

இனி இரட்டைப் பொத்தான், அதாவது முழு ஃப்ளஷுக்கு ஒன்றும் அரை ஃப்ளஷுக்கு ஒன்றுமாக உள்ள அமைப்பு. பழைய தொட்டிக்குள் அதன் பொறியை மட்டும் பொருத்துவது மலிவு. ஆயினும் 9 லீற்றரை எதிர்பார்த்து வடிவமைத்த கிண்ணம் 3 லீற்றரில் சுத்தமாகாவிட்டால் இருமுறை அழுத்த நேரும், சேமிப்பு போய்விடும். நீரைக் குறைக்கத் தொட்டிக்குள் போத்தல் வைப்பதிலும் இதே குறை உண்டு. என் தெரிவு, 6 மற்றும் 3 லீற்றரில் இயங்கும் முழுப் புதிய கொமட்டே. ஐவர் உள்ள வீட்டில் ஒருவர் நாளுக்கு ஐந்து முறை பயன்படுத்தினால் பழையது 225 லீற்றர் எடுக்கும். முழுப் பொத்தான் ஒருமுறை, அரைப் பொத்தான் நான்கு முறை என்றால் புதியதற்கு 90 லீற்றரே வேண்டும். மாதத்தில் 4 அலகுகள் மிஞ்சும். வாங்குமுன், கழிவு தரைவழியே இறங்கும் வகையாயின், சுவரிலிருந்து துளையின் மையம் வரை அளந்துகொள்ளுங்கள். அளவைத் தொடங்க வேண்டியது டைல் முகத்திலிருந்தே; அதன் பின்னுள்ள சாந்திலிருந்து அன்று.

இதனை வாசித்த சிலர் கேட்டதால் இரண்டு சேர்க்கைகள். தொட்டிக்குள் போடும் குளோரின் வில்லைகள் றப்பரை விரைவில் கெடுக்கும், அவற்றைத் தவிருங்கள். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக் கிணற்று நீரில் வால்வு அடைபட்டால், புதியது வாங்குமுன் அதன் வலையை வினாகிரியில் ஓர் இரவு ஊறவைத்துப் பாருங்கள். என் மாமி வீட்டில் அதுவே போதுமாக இருந்தது.